75 கிலோவாட் கம்ப்ரஸருக்கு எந்தக் கேபிள்? கடலூர் சிப்காட்டில் நாங்கள் போட்ட கணக்கு

கடலூர் சிப்காட்டில் உள்ள எங்கள் தொழிற்சாலையில் 37 கிலோவாட், அதாவது 50 எச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரஸர் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றின் ஏர் எண்ட், அதாவது காற்றை அழுத்தும் பகுதி, தேய்ந்துபோய்விட்டது. இன்னொன்றும் ஓவர்ஹாலுக்குக் காத்திருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டு 75 கிலோவாட் கம்ப்ரஸர் ஒன்றை வைக்கலாம் என்று முடிவானது. மெஷினைத் தேர்ந்தெடுக்க இரண்டு மாதம் எடுத்துக்கொண்டோம். கேபிள் விஷயம் ஆர்டர் போட்ட பிறகுதான் பேச்சுக்கே வந்தது. பெரிய மெஷின் மாற்றும் பல இடங்களில் இப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் எங்கள் கணக்கை எண்களோடு எழுதி வைக்கிறேன். இதே நிலையில் நிற்கும் மெயின்டனன்ஸ்காரர் யாருக்காவது உதவும்.

மெயின் பேனலிலிருந்து கம்ப்ரஸர் ரூம் 85 மீட்டர். பழைய கம்ப்ரஸர் ஒவ்வொன்றுக்கும் 35 ஸ்கொயர் எம்.எம். மூன்றரை கோர் அலுமினிய பி.வி.சி. ஆர்மர்டு கேபிள் தனித்தனியாக ட்ரேயில் போயிருந்தது. (ஸ்கொயர் எம்.எம். என்பது கேபிள் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு. மூன்றரை கோர் என்றால் மூன்று ஃபேஸ் கம்பியும் அதில் ஏறக்குறைய பாதி அளவுள்ள நியூட்ரலும். ஆர்மர்டு என்றால் மேலே கம்பிக் கவசம் உள்ளது. ட்ரே என்பது கேபிளைத் தாங்கிச் செல்லும் தட்டு.) முதலாளி கேட்ட முதல் கேள்வி: “ரெண்டு கேபிள் ஏற்கெனவே கிடக்கு. மெஷின் ரெண்டுக்குப் பதிலா ஒண்ணு. ரெண்டையும் சேர்த்துக் கட்டிட்டா ஆகாதா?” நியாயமான கேள்விதான். 85 மீட்டர் புதுக் கேபிள் என்பது சின்னச் செலவு இல்லை.

காண்ட்ராக்டர் வேறு சொன்னார்: “70 ஸ்கொயர் போதும் சார், சப்ளையர் தாளிலேயே போட்டிருக்கான்.” தாளை வாங்கிப் பார்த்தேன். 70 என்றுதான் இருந்தது, ஆனால் செம்புக்கு. அவர் விலை போட்டிருந்தது அலுமினியத்துக்கு. கம்ப்ரஸர் கம்பெனிகள் தரும் தாள்களில் கேபிள் அளவு பெரும்பாலும் செம்புக் கணக்கில் இருக்கும். நம் ஊர்த் தொழிற்சாலைகளில் இந்த அளவுக்கு மேல் ஓடுவதெல்லாம் பெரும்பாலும் அலுமினியம். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு உலோகத்தைப் பார்க்காமல் விட்டால், 30 முதல் 40 சதவீதம் குறைந்த கேபிளை வாங்கி மாட்டிவிடுவோம்.

ஆக எங்கள் முன்னால் ஐந்து வழிகள் இருந்தன. பழைய இரண்டையும் இணைப்பது, 95 ஸ்கொயர் அலுமினியம், 120 ஸ்கொயர் அலுமினியம், 70 ஸ்கொயர் செம்பு, 70 ஸ்கொயர் அலுமினியத்தில் இரண்டு ரன், அதாவது இணையாக இரண்டு கேபிள்.

முதலில் ஆம்பியர்

எச்.பி.-க்கு ஒன்றரை ஆம்பியர் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 415 வோல்ட் மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு இது மோசமான கணக்கு இல்லை. 75 கிலோவாட் மோட்டாரின் நேம் பிளேட்டில் 128, 130 ஆம்பியர் மாதிரி இருக்கும். ஆனால் கம்ப்ரஸர் என்பது மோட்டார் மட்டும் இல்லை. உள்ளே கூலிங் ஃபேன் மோட்டார் தனியாக இருக்கிறது. முழு பிரஷரில், ஏர் ஃபில்டரும் செபரேட்டரும் கொஞ்சம் அடைத்த நிலையில், மெயின் மோட்டார் தன் சர்வீஸ் ஃபேக்டரை, அதாவது பெயரளவுக்கு மேல் தாங்கும் வரம்பை, தொட்டுக்கொண்டு ஓடும். 75 என்று பெயர் எழுதிய மெஷின் ஷாஃப்டில் 80 கிலோவாட் இழுப்பது சாதாரணம். அதனால் மோட்டார் நேம் பிளேட்டை விட்டுவிட்டு, முழு பேக்கேஜின் இன்புட் கரண்ட் என்ன என்று கேட்டு வாங்க வேண்டும். எங்களுக்கு வந்த பதில் 415 வோல்ட்டில் 140 ஆம்பியர்.

அதோடும் நிற்கக் கூடாது. கம்ப்ரஸருக்கு வேண்டிய பவர் மாறாது. வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் ஏறும். சாயங்காலம் எல்லா மெஷினும் ஓடும் நேரத்தில் எங்கள் பேனலில் அளந்தபோது 400 வோல்ட்தான் இருந்தது. 140-ஐ 415-ஆல் பெருக்கி 400-ஆல் வகுத்தால் 145. இனிமேல் வரும் கணக்கெல்லாம் இந்த 145 ஆம்பியருக்குத்தான். உங்கள் பேனலில் 385 வருமானால் அதே மெஷின் 150-ஐத் தாண்டும். ஒரு வாரம் வெவ்வேறு நேரத்தில் வோல்டேஜைக் குறித்து வைத்துவிட்டு அப்புறம் கணக்கில் உட்காருங்கள்.

ட்ரேயின் கடைசிப் பத்து மீட்டர்

கேபிள் கம்பெனியின் அட்டவணையில் எழுதியிருக்கும் ஆம்பியர் ஒரு நிபந்தனையோடு வருகிறது. காற்றில் போட்டால் சுற்றுச் சூடு 40 டிகிரி, பக்கத்தில் வேறு கேபிள் இல்லை என்று வைத்துத்தான் அந்த எண்ணைத் தருகிறார்கள். நம் ட்ரேயில் இந்த இரண்டுமே உண்மை இல்லை.

கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூட்டை ஆயில் கூலரும் ஆஃப்டர் கூலரும் வாங்கி ஃபேன் வழியாக வெளியே தள்ளுகின்றன. 75 கிலோவாட் மெஷின் என்றால் 80 கிலோவாட் ஹீட்டர் ஒன்று அறைக்குள் எரிகிற மாதிரி. கத்திரி வெயிலில் வெளிக்காற்றே 38, 39 டிகிரியில் உள்ளே போனால், கூலரிலிருந்து வெளியேறும் காற்று 55-க்கு மேல் இருக்கும். எங்கள் பழைய ட்ரே சரியாக அந்தச் சூடான காற்று வெளியேறும் டக்ட்டுக்கு மேலே வளைந்து போய் இறங்கியது. அங்கே ஒரு தெர்மாமீட்டரைக் கட்டித் தொங்கவிட்டேன். மே மாத மதியத்தில் 50 டிகிரி காட்டியது.

85 மீட்டரில் 75 மீட்டர் நல்ல காற்றோட்டத்தில்தான் போகிறது. ஆனால் கேபிளின் தாங்கு சக்தியை அந்தக் கடைசிப் பத்து மீட்டர்தான் முடிவு செய்கிறது. குளிர்ந்த பகுதியில் மிச்சமிருக்கும் தெம்பைச் சூடான பகுதிக்குக் கடன் கொடுக்க முடியாது. இன்சுலேஷன் எங்கே அதிகம் வேகிறதோ அங்கேதான் முதலில் விரிசல் விடும். பத்து டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்ற பழைய கைக்கணக்கு இங்கே நினைவில் இருக்க வேண்டும்.

பி.வி.சி. கேபிளின் கண்டக்டர் 70 டிகிரி வரை தாங்கும். எக்ஸ்.எல்.பி.இ. என்ற இன்னொரு வகை இன்சுலேஷன் உள்ள கேபிள் 90 வரை தாங்கும். இந்த 20 டிகிரி வித்தியாசத்தின் அருமை சூடான இடத்தில்தான் தெரியும். சுற்றுச் சூடு 50 ஆகும்போது எக்ஸ்.எல்.பி.இ. கேபிளின் ஆம்பியரை 0.89-ஆல் பெருக்கினால் போதும். பி.வி.சி.-யை 0.82-ஆல் பெருக்க வேண்டும். இதோடு, ட்ரேயில் ஏற்கெனவே லோடில் இருக்கும் மூன்று கேபிள்கள் ஒட்டிக்கொண்டு கிடப்பதற்கு இன்னொரு 0.8. சேர்த்துப் பார்த்தால் எக்ஸ்.எல்.பி.இ.-க்கு 0.71, பி.வி.சி.-க்கு 0.65. அதாவது அட்டவணையில் 100 என்று இருப்பது எங்கள் ட்ரேயில் 71 அல்லது 65.

பழைய இரண்டையும் இணைத்தால்

முதலாளியின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். 35 ஸ்கொயர் அலுமினிய பி.வி.சி. காற்றில் 86 ஆம்பியர். இரண்டு சேர்ந்து 172. தாளில் பார்த்தால் 145-க்குப் போதும் போலத்தான் தெரிகிறது. 0.65-ஆல் பெருக்கினால் 112. அங்கேயே முடிந்தது.

இந்தச் சூட்டுக் கணக்கு இல்லாத இடத்திலும் இந்த யோசனையை நான் ஏற்க மாட்டேன். காரணம் இதுதான். இரண்டு கேபிளை ஒரே பிரேக்கரில் இணைத்தால், பிரேக்கரை மொத்தக் கரண்டுக்குத்தான் செட் செய்ய முடியும். எங்களுக்கு அது 160 ஆம்பியர். ஒரு நாள் ஒரு கேபிளின் லக், அதாவது கேபிள் முனையை டெர்மினலில் மாட்டும் உலோகத் துண்டு, லூஸாகிக் கழன்றுகொண்டால் 145 ஆம்பியர் முழுவதும் இன்னொரு 35 ஸ்கொயர் வழியாகப் போகும். பிரேக்கருக்கு ஒரு குறையும் தெரியாது. 160-க்குக் கீழேதானே இருக்கிறது! மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், மேலே ட்ரேயில் கேபிள் வெந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் கிடக்கும் மற்ற கேபிள்களும் அதோடு போகும்.

நீளமும் ஒன்றாக இல்லை. ஒரு கேபிள் 85 மீட்டர், மற்றது அறையின் மறு கோடிக்குப் போய் வருவதால் 100 மீட்டர். நீளம் குறைந்ததில் 78 ஆம்பியரும் மற்றதில் 67 ஆம்பியரும் பிரிந்து போகும். இரண்டு ரன் போட வேண்டுமானால் ஒரே அளவு, ஒரே வகை, ஒரே நீளம், முடிந்தால் ஒரே ட்ரம் என்பது அடிப்படை. “மெக்கர் ரீடிங் நல்லா இருக்கே” என்று எங்கள் ஆள் ஒருவர் சொன்னார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மெக்கர் இன்சுலேஷன் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லும். எத்தனை ஆம்பியர் ஏற்றலாம் என்று அது சொல்லாது.

பழைய கேபிளோடு புதிதாக ஒன்றைச் சேர்த்துக் கட்டலாமா என்ற யோசனையும் வந்தது. 35-ம் 70-ம் கரண்டைச் சமமாகப் பங்கிடாது. பழைய பி.வி.சி. 70 டிகிரியில் நிற்க வேண்டும், புதிய எக்ஸ்.எல்.பி.இ. 90 வரை போகலாம். இரண்டையும் சேர்த்துப் பாதுகாக்க ஒரு பிரேக்கரால் முடியாது. இதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

95-ஆ, 120-ஆ

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நான் வைத்துக்கொண்ட எண்கள் இவை. எக்ஸ்.எல்.பி.இ. அலுமினிய ஆர்மர்டு கேபிள், காற்றில், 70 ஸ்கொயருக்கு 170 ஆம்பியர் அளவில், 95-க்கு 210 அளவில், 120-க்கு 240 அளவில். ஐ.எஸ். 7098 முதல் பாகத்தின்படி செய்யும் கேபிள்களுக்கும் கம்பெனிக்குக் கம்பெனி அட்டவணை சற்று மாறும். நீங்கள் வாங்கப்போகும் கம்பெனியின் தாளை வைத்தே கணக்குப் போடுங்கள். நான் வேண்டுமென்றே குறைவான பக்கத்து எண்களை எடுத்துக்கொண்டேன்.

0.71-ஆல் பெருக்கினால் 70 ஸ்கொயர் 121 ஆம்பியர். காண்ட்ராக்டர் சொன்ன வழி இதோடு கழிந்தது. 95 ஸ்கொயர் 149. 145-க்கு 149 போதுமே என்று தோன்றும். பேப்பரில் பாஸ்தான். ஆனால் பிரேக்கரைப் பாருங்கள். 145 ஆம்பியர் மெஷினுக்கு 200 ஆம்பியர் எம்.சி.சி.பி. வகை பிரேக்கர் வாங்கினோம். அதன் ஓவர்லோடு செட்டிங்கை 0.8 முதல் 1 வரை திருப்பலாம். ஆகக் குறைந்த செட்டிங்கே 160. கேபிளின் தாங்கு சக்தி பிரேக்கரின் செட்டிங்குக்கு மேலே இருக்க வேண்டும் என்பதுதான் விதி. 149 ஆம்பியர் கேபிளை 160-க்கு செட் செய்த பிரேக்கர் காப்பாற்றாது. 160 ஆம்பியர் பிரேக்கர் வாங்கிக் கீழே இறக்கி செட் செய்தால், வோல்டேஜ் இறங்கும் சாயங்காலத்தில் தேவையில்லாமல் ட்ரிப் ஆகும். 120 ஸ்கொயர் 171 ஆம்பியர் தாங்கும். மெஷின் 145, பிரேக்கர் 160, கேபிள் 171. படிப்படியாக ஏறுகிறது. இந்த வரிசை அமைந்தால்தான் கேபிள் பாதுகாப்பாக இருக்கிறது என்று சொல்ல முடியும்.

இதில் எனக்கே ஆச்சரியமாக இருந்த ஒன்று. ட்ரேயின் கடைசிப் பத்து மீட்டரைச் சூடான டக்ட் பக்கத்திலிருந்து எடுத்து, குளிர்ந்த காற்று உள்ளே வரும் சுவர் பக்கமாகத் திருப்பினால் சுற்றுச் சூடு 45-க்கு இறங்கும். 0.89 என்பது 0.95 ஆகிறது. 95 ஸ்கொயரே 160-ஐத் தொட்டுவிடும். நாலு ப்ராக்கெட்டும் கொஞ்சம் ட்ரேயும் ஒரு நாள் வேலையும் ஒரு கேபிள் சைஸுக்குச் சமம். 120 வாங்க வழியே இல்லாதவர்கள் முதலில் இதைச் செய்யலாம். நாங்கள் ட்ரேயையும் திருப்பினோம், 120-ம் வாங்கினோம். இரண்டாவதற்கான காரணம் கரண்ட் பில்.

கேபிளும் மின்சாரம் சாப்பிடும். 145 ஆம்பியர் முழு லோடில், 85 மீட்டரில், 95 ஸ்கொயர் கேபிள் சூடாக வீணாக்குவது சுமார் 2.2 கிலோவாட். 120 ஸ்கொயர் 1.7 கிலோவாட். வித்தியாசம் ஒரு சின்ன ஹீட்டர் அளவு, அரை கிலோவாட்டுக்குக் கொஞ்சம் கீழே. எங்கள் கம்ப்ரஸர் ஒரு நாளைக்கு 16 மணி நேரம், வருஷத்தில் 300 நாள் ஓடுகிறது. 4800 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 2000 யூனிட் மிச்சம். யூனிட் ஏழு ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 14,000 ரூபாய். 85 மீட்டரில் 120 ஸ்கொயர் மூன்றரை கோர் கேபிளில் 95-ஐ விட அதிகம் இருக்கும் அலுமினியம் 22 கிலோதான். அந்த 22 கிலோவுக்கான கூடுதல் விலையை நீங்களே கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு வந்த கொட்டேஷன்படி ஒன்றரை வருஷத்துக்குள் திரும்பி வந்துவிடும் கணக்கு. கேபிளோ 20 வருஷம் கிடக்கும். கேபிள் வாங்கும்போது இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அப்படியானால் 150, 185 என்று போய்க்கொண்டே இருக்கலாமே என்று கேட்கலாம். மிச்சமாகும் யூனிட் ஒவ்வொரு சைஸுக்கும் குறைந்துகொண்டே வரும். அதோடு லக் உட்கார இடம் வேண்டும். 200 ஆம்பியர் எம்.சி.சி.பி.-யின் டெர்மினலில் 120-க்கே டெர்மினலை அகலமாக்கும் ஸ்ப்ரெடர் போட்டுத்தான் மாட்டினோம். கம்ப்ரஸர் கேபினட்டுக்குள் கேபிள் நுழையும் க்ளாண்ட் ஓட்டையும் டெர்மினலும் எந்த சைஸ் வரை எடுக்கும் என்று வாங்கும் முன்பே படம் கேட்டு வாங்குங்கள். கேபிள் வந்து இறங்கிய பிறகு கேபினட்டில் ஓட்டையைப் பெரிதாக்க அறுத்துக்கொண்டு நிற்கக் கூடாது. உலோகத் தூள் ஒன்று ஸ்டார்ட்டருக்குள் விழுந்தால் போதும்.

வோல்டேஜ் ட்ராப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 85 மீட்டரில் அது பிரச்சினையே இல்லை. 95-இல் 8 வோல்ட், 120-இல் 7 வோல்ட்டுக்கும் கீழே. இரண்டு சதவீதத்துக்குள்தான். 120 ஸ்கொயரில் 150 மீட்டர் வரை மூன்று சதவீதத்துக்குள் போய்விடலாம். அதைத் தாண்டி 200 மீட்டர் என்றால் கதை மாறும். ஆம்பியர் போதும், ஆனால் 16 வோல்ட் வழியிலேயே போய்விடும். அப்போது 185-தான் பொருத்தம். பேனல் பக்கத்தில் இருப்பவருக்குச் சூடு முடிவு செய்கிறது, தூரத்தில் இருப்பவருக்கு நீளம் முடிவு செய்கிறது.

செம்பும் இரண்டு ரன்னும்

70 ஸ்கொயர் செம்பு எக்ஸ்.எல்.பி.இ. நல்ல வழிதான். எங்கள் ட்ரேயில் ஏறக்குறைய 160 ஆம்பியர் வரும். 160-க்கு செட் செய்த பிரேக்கரை விளிம்பில் தொடும். வளைப்பது சுலபம், லக் சின்னது, செம்பு பஸ்பாரில் செம்பு லக் உட்காருவதால் அரிப்புத் தொல்லையும் குறைவு. ஆனால் 85 மீட்டருக்கு 186 கிலோ செம்பு போகிறது. 120 அலுமினியத்தில் 99 கிலோ அலுமினியம். கிலோ விலையில் செம்பு அலுமினியத்தை விட மூன்று மடங்குக்கும் மேல். உலோகச் செலவு மட்டும் ஆறு மடங்கு என்று ஆகிறது. 15, 20 மீட்டர் தூரமுள்ள இடத்தில் செம்பைத்தான் போடுவேன். 85 மீட்டருக்கு மனம் வரவில்லை.

புதிய 70 ஸ்கொயர் அலுமினியம் இரண்டு ரன் போட்டால் தாராளமாக 240 ஆம்பியர் வரும், மின் வீணும் குறையும். ஆனால் ஒரு லக் கழன்றால் 145 ஆம்பியரும் 121 தாங்கும் ஒரே கேபிளில் போகும் என்ற பழைய பயம் இங்கேயும் நிற்கிறது. ஒரு கேபிளே போதும் என்னும்போது இரண்டு எதற்கு? புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் 132 கிலோவாட் மெஷினுக்கு 95 ஸ்கொயர் இரண்டு ரன் போட்டிருக்கிறார். அந்த அளவுக்கு அதுதான் சரி. ஒற்றைக் கேபிளாகப் போட்டால் 240, 300 ஸ்கொயர் என்று போய், வளைக்கவே நாலு பேர் வேண்டும். அவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு ரன்னிலும் டாங் டெஸ்டர் (கேபிளைக் கவ்விக் கரண்டை அளக்கும் கருவி) வைத்துக் கரண்ட் சமமாக இருக்கிறதா என்று பார்க்கிறார். இரண்டு ரன் போடுபவர்கள் இந்த வழக்கத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று கோரா மூன்றரை கோரா என்பதையும் கேட்டுவிடுங்கள். பல கம்ப்ரஸர்களுக்கு நியூட்ரல் தேவையே இல்லை. கண்ட்ரோல் சப்ளை உள்ளேயே ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாக இரண்டு ஃபேஸிலிருந்து எடுக்கப்படும். எங்கள் மெஷினும் அப்படித்தான். கடையில் ஒரே துண்டாக 90 மீட்டர் கிடைத்தது மூன்றரை கோரில் என்பதால் அதை வாங்கினோம். நடுவில் ஜாயின்ட் போடுவதை விட அந்த அரை கோருக்குப் பணம் கொடுப்பது மேல்.

வி.எஃப்.டி. வாங்கினால் கேபிள் குறையுமா

எங்கள் மெஷின் ஸ்டார்-டெல்டா, அதாவது மோட்டாரை முதலில் குறைந்த வோல்டேஜில் கிளப்பிவிட்டுப் பிறகு முழு வோல்டேஜுக்கு மாற்றும் வகை. ஸ்டார்ட்டர் கேபினட்டுக்குள்ளேயே இருப்பதால் ஒரே ஒரு கேபிள் போதும். ஸ்டார்ட்டர் தனியாகச் சுவரில் இருக்கும் பழைய முறையில் மோட்டாருக்கு ஆறு கோர் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் 58 சதவீதக் கரண்ட் ஓடும். பழைய இடங்களில் அந்தக் கேபிள்களைப் பார்த்துவிட்டுப் புதிய மெஷினுக்கும் அதே அளவு என்று குறித்துவிடாதீர்கள்.

வி.எஃப்.டி. மாடல் (மோட்டாரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் ட்ரைவ் உள்ளது) என்றால் ஸ்டார்ட்டிங் அடி இல்லை, பவர் ஃபேக்டர் நன்றாக இருக்கிறது, அதனால் ஒரு சைஸ் குறைக்கலாம் என்று விற்பனைக்காரர்கள் சொல்வதுண்டு. நான் குறைக்க மாட்டேன். ஸ்டார்ட்டிங் கரண்ட் சில விநாடிகள்தான். 120 ஸ்கொயர் கேபிளைச் சூடாக்க அது போதாது. எனவே அது இல்லாமல் போவதால் கேபிளுக்குப் பெரிய லாபம் இல்லை. ட்ரைவ் தன் பங்குக்கு இரண்டு மூன்று சதவீதம் பவரைச் சூடாக்கும். அது உண்டாக்கும் ஹார்மானிக்ஸ் என்ற வேறு அலைவரிசைக் கரண்டும் கேபிளில் சேர்ந்துகொள்ளும். முழு வேகத்தில் ஓடும் நேரத்துக்கு ஏறக்குறைய அதே அளவுதான் வேண்டும். வி.எஃப்.டி. வாங்குவதா என்பதைக் காற்றுத் தேவை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். கேபிளை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வாங்குவதானால் கெபாசிட்டர் பேனலில் ஹார்மானிக்ஸிலிருந்து காக்கும் டீட்யூன்டு ரியாக்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல் விட்டால் முதலில் போவது கெபாசிட்டர்கள்தான்.

ட்ரான்ஸ்ஃபார்மர், ஒப்பந்த டிமாண்ட் (மின்வாரியத்தோடு ஒப்புக்கொண்ட அதிகபட்ச லோடு) இரண்டும் எங்களுக்கு மாறவில்லை. இரண்டு 37 எடுத்து ஒரு 75 வைத்தோம், அவ்வளவுதான். இரண்டில் ஒன்று ஸ்டாண்ட்பையாக நின்ற இடத்தில் அப்படி இல்லை. அங்கே லோடு இரட்டிப்பாகிறது. கேபிளுக்கு முன் மின்வாரிய அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

உப்புக்காற்றும் லக்கும்

எந்த சைஸ் போட்டாலும் கடலூரில் கேபிள் கெடுவது பெரும்பாலும் முனையில்தான். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இந்தப் பக்கம் பெய்த மழையில் எங்கள் பம்ப் ஹவுஸ் ட்ரென்ச் முழுவதும் தண்ணீர் நின்றது. கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு பம்ப் ஃபேஸ் போய் நின்றது. டெர்மினல் பாக்ஸைத் திறந்தால் லக்கைச் சுற்றி வெள்ளைப் பொடி. அலுமினியம் உப்பு ஈரத்தில் செம்போடு ஒட்டி நின்று அரித்திருக்கிறது. சாதாரண அலுமினிய லக்கைச் செம்பு டெர்மினலில் முடுக்கியிருந்தார்கள். அந்த வேலையை அன்றைக்கு நான் சோதிக்காமல் விட்டது என் தவறு.

அதனால் இந்த முறை இரு முனையிலும் அலுமினியம்-செம்பு பைமெட்டல் லக், க்ரிம்ப் செய்யும் முன் கண்டக்டரைத் தேய்த்துவிட்டு ஆக்சைடு தடுக்கும் பேஸ்ட், டபுள் கம்ப்ரஷன் க்ளாண்ட், அதற்கு மேல் ஷ்ரௌட் என்ற உறை. க்ரிம்பிங்குக்கு ஹைட்ராலிக் டூல்தான், அந்த சைஸுக்கான டையோடு. ட்ரென்ச்சை விட்டுவிட்டு ட்ரேயில் போனதற்கும் இந்த மழைதான் காரணம். ஆர்மர்டு கேபிள் தண்ணீரில் கிடக்கலாம், ஆனால் நம் ட்ரென்ச்சில் நிற்கும் தண்ணீரில் ஆர்மர் கம்பி துருப்பிடிக்க ஆரம்பித்தால் வெளியே தெரியாது.

எர்த்துக்கு ஆர்மரை மட்டும் நம்பவில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைப்படி மூன்று ஃபேஸ் மோட்டாரின் ஃப்ரேமுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும். இரண்டு ஸ்ட்ரிப்பைத் தனித்தனிப் பாதையில் கொண்டுபோய் எர்த் பஸ்ஸில் சேர்த்தோம். பழைய ஜி.ஐ. ஸ்ட்ரிப் தரையைத் தொடும் இடத்தில் பாதியாகத் தேய்ந்திருந்தது. பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்களும் ஒரு முறை தங்களுடையதைச் சுரண்டிப் பார்ப்பது நல்லது.

மெஷினை ஓட்டிய முதல் வாரம், முழு பிரஷரில், சாயங்காலம் 402 வோல்ட்டில் அளந்தோம். மூன்று ஃபேஸிலும் 141, 143, 140 ஆம்பியர். லக்கில் இன்ஃப்ராரெட் கன் 56 டிகிரி காட்டியது. ஒரு மாதம் கழித்து மெஷினை நிறுத்தி எல்லா போல்ட்டையும் டார்க் ரென்ச் வைத்துப் பார்த்தபோது பேனல் பக்கம் பி ஃபேஸ் போல்ட் ஒன்று கால் சுற்று வாங்கியது. பழைய இரண்டு கேபிளில் நல்ல மெக்கர் ரீடிங் உள்ளதை ஏர் ட்ரையருக்கும் கூலிங் டவர் பம்ப்புக்கும் சேர்த்து 63 ஆம்பியர் பிரேக்கரில் மாற்றிக் கொடுத்தோம். அந்த இரண்டும் சேர்ந்து 25 ஆம்பியரைத் தாண்டுவதில்லை. ட்ரேயின் புதுப் பாதையில் அதற்கும் இடம் இருந்தது.